ஒரு துளை தள்ளிப் போனால்...

நாளைக்குக் கச்சேரி. இன்றைக்கு ராத்திரி பார்த்து வாத்தியம் மக்கர் பண்ணுகிறது. என்ன செய்வீர்கள்?

கிடார் என்றால் வழி உண்டு. மரப்பெட்டிக்குள் பிக்கப் பொருத்திய கிடாராக இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுவீர்கள். அப்புறம் ஒயர் செருகும் ஜாக்கை ஆட்டிப் பார்ப்பீர்கள். ஈயப் பற்று விட்டிருந்தால், பக்கத்துத் தெரு ரேடியோ மெக்கானிக்கே பத்து நிமிஷத்தில் சூடு வைத்துக் கொடுத்துவிடுவார். எதுவும் சரிவரவில்லையா? நண்பரிடம் இன்னொரு கிடார் இரவல் கேட்கலாம்.

நாதஸ்வரக்காரர் எங்கே போவார்?

விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூர் பக்கம் அச்சங்குளம் என்று ஒரு கிராமம். பத்திரிகை படிக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் 2021 பிப்ரவரி 12-ம் தேதியோடுதான் சேர்ந்து ஞாபகம் வரும். பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கும் மேல் உயிரிழந்த நாள் அது. ஆனால், அந்தக் கரிசல் பூமியின் காதுக்கு வெடிச் சத்தம் மட்டும்தான் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு நாயனம் வந்தாக வேண்டும். சாத்தூரிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் கோவில்பட்டி. காருகுறிச்சி அருணாசலம் (1921 - 1964) குடியிருந்த ஊர். 1962-ல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு மல்லுக்கட்டுகிறதே ஒரு நாதஸ்வரம், அது அவருடையது.

அந்தப் பாட்டு ஆபேரி ராகம். இந்த விவரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

நாதஸ்வரத்தில் ரிப்பேர் இரண்டு தினுசு. ஒன்று, மேடையிலேயே முடிகிற வேலை. நாயனத்தின் தலைப்பகுதியில் கயிற்றில் கட்டி நாலைந்து சீவாளி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று நினைத்திருந்தால் தப்பு. அதெல்லாம் ஸ்டெப்னி! காவிரிக் கரையில் விளையும் ஒருவகை நாணல் தட்டையை மாதக்கணக்கில் பதப்படுத்திச் செய்கிற சமாசாரம் சீவாளி. எச்சில் பட்டு ஊறும், வெயிலில் காயும், திடீரென்று பிளந்துகொள்ளும். கூடவே தொங்கும் தந்த ஊசியை உள்ளே விட்டு நெம்பி, வாயைத் திறந்தோ குறுக்கியோ சரிசெய்து, கெண்டையில் மாட்டி ஒரு ஊது ஊதிப் பார்ப்பார். ஒத்துவரவில்லையா, அடுத்த சீவாளி. தவில்காரர் தனி வாசித்து முடிப்பதற்குள் காரியம் ஆகிவிடும்.

சுருதி ஒரு மயிரிழை தப்பினால் அதற்கும் மருந்து இருக்கிறது... மெழுகு! நாயனத்தில் மொத்தம் 12 துளைகள். விரல் ஓடுவது ஏழில்தான். கீழே அணசுப் பக்கம் இருக்கிற ஐந்தும் விரலுக்கானவை அல்ல, சுருதிக்கானவை. வேண்டிய துளையில் மெழுகை வைத்து அடைத்தால் சுருதி நகரும்.

இரண்டாவது தினுசு ரிப்பேருக்கு மெழுகு போதாது. அதற்குத் தேவைப்பட்டது, ஒரு பெரிய வித்வானின் கோபமும் ஒரு ஆசாரியின் பொறுமையும்.

முன்காலத்தில் வாசித்தது திமிரி நாயனம். குட்டையான குழல், நாலு, ஐந்து கட்டை சுருதி. வீதி உலாவில் முன்னால் நின்று ஊதினால் கடைசித் தெருவில் தூங்குகிறவரும் எழுந்து உட்காருவார். அதில் ஒரு சங்கடம். ச, ரி, க, ம என்று போகும்போது நாலாவது ஸ்வரமான மத்திமத்தில் இரண்டு வகை உண்டு. சுத்த மத்திமம், அதைவிட ஒரு படி மேலே பிரதி மத்திமம். திமிரியில் இந்தச் சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசாது. துளையைப் பாதி மூடி, மூச்சை அடக்கி, உதட்டால் சீவாளியை இறுக்கித் தளர்த்தித்தான் அதை வரவழைக்க வேண்டும்.

கல்யாணி ராகம் வாசிக்கிறவருக்கு இதனால் கவலையில்லை, அது பிரதி மத்திம ராகம். ஆபேரிக்கு? சங்கராபரணத்துக்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, தோடிக்கு? எல்லாமே சுத்த மத்திமம்!

தோடி என்றாலே அந்த நாளில் ஜனங்கள் உச்சரித்த பெயர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898 - 1956). குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டவர். ஒத்து ஊதுவதை விட்டுத் தம்புராவைக் கொண்டுவந்து வைத்தவர். மற்ற வித்வான்களுக்குச் சமமாக எனக்கும் மேடை போடு என்று கறாராகக் கேட்டவர். 1947 ஆகஸ்டில் ஆதீனத்தின் சார்பில் டெல்லிக்குப் போய் வாசித்தவர். அப்படிப்பட்டவர் மணிக்கணக்கில் தோடியை ஆலாபனை செய்கிறார். வாத்தியமோ முக்கியமான இடத்தில் முரண்டு பிடிக்கிறது. மற்றவர்கள், ‘இது வாத்தியத்தின் குணம்’ என்று சமாளித்துக்கொண்டு போனார்கள். இவருக்கு அது முடியவில்லை. முடிந்திருந்தால்தான் ஆச்சரியம்!

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் செய்கிற ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரியிடம் போனது பிரச்னை.

தப்பான துளையை அடைத்துவிட்டு, பக்கத்தில் வேறு துளை போட்டால் தீர்ந்தது என்று தோன்றுகிறதா? அங்கேதான் சிக்கல். நாயனத்தின் உட்புறம் மேலே குறுகி, கீழே விரிந்துகொண்டே போகும். ஒரு துளையை நகர்த்தினால் மற்றவையும் சண்டைக்கு வரும். சுருதியைத் தாழ்த்த வேண்டுமென்றால் குழலை நீட்ட வேண்டும். நீட்டினால் துளைகள் விலகும். மனுஷ விரல் நீளுமா? துளை, நாதம் கேட்கிற இடத்திலும் இருக்க வேண்டும், விரலுக்கு எட்டுகிற இடத்திலும் இருக்க வேண்டும்.

இதே தலைவலியைப் புல்லாங்குழலில் சந்தித்தவர் ஜெர்மனியின் மூனிச் நகரத்து தியோபால்ட் போம். 1832-லும் 1847-லும் அவர் கொண்டுவந்த மாடல்களில், துளைகளை அவை இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, விரலுக்கு எட்டாததை மூடித் திறக்க உலோகச் சாவிகளைப் பொருத்தினார். மேல்நாட்டுப் புல்லாங்குழலின் தலையெழுத்தே மாறியது.

நரசிங்கம்பேட்டையில் சாவி கிடையாது. பொருத்தவும் கூடாது. விரல் துளைமேல் நேராக வழுக்கினால்தானே கமகம்? இரும்பு மூடியை வைத்துக்கொண்டு தோடியின் காந்தாரத்தை எப்படி அசைப்பது? ஆகவே ஆசாரி செய்து பார்த்தார், வித்வான் ஊதிப் பார்த்தார். சரியில்லை. மறுபடி கடைசல், மறுபடி துளை. இப்படிப் பல முறை முயன்றபின் வந்ததுதான் பாரி நாயனம். ஏறக்குறைய இரண்டரை அடி நீளம். இரண்டு, இரண்டரைக் கட்டை சுருதி. சுத்த மத்திமம் கெஞ்சாமல் பேசியது. பிற்பாடு கச்சேரி மேடை முழுக்க பாரிதான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த ரிப்பேரில் நாம் இழந்ததும் உண்டு. பாரியின் கனத்த நாதம் சபாவுக்கும் மைக்குக்கும் பொருத்தம். வெட்டவெளியைக் கிழித்துக்கொண்டு போகும் திமிரியின் கூர்மை அதற்குக் கிடையாது. கரிசல்காட்டுப் பொங்கலுக்கு எது தோது என்று என்னைக் கேட்டால், நான் திமிரி கட்சி. தோடி கேட்க உட்கார்ந்தால் கட்சி மாறிவிடுவேன்!

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால், பட்டறைக்காரர்களின் கவலை வேறு... மரம். நாயனத்துக்கு ஆச்சா மரம் வேண்டும். நேற்று வெட்டியது உதவாது, வெடித்துவிடும். அரை நூற்றாண்டுக்கு மேல் காய்ந்து, ஈரப்பசையெல்லாம் போன கட்டைதான் நாதம் கொடுக்கும். அது காட்டில் கிடைக்காது, பழைய வீடுகளில் கிடைக்கும்! தூணாகவும் உத்தரமாகவும் நின்ற மரம். எங்கேயாவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று தகவல் வந்தால் ஆசாரிகள் கிளம்பிப் போய்ப் பார்த்து வாங்கி வருவது வழக்கம். கான்கிரீட் வீட்டை இடித்தால் என்ன கிடைக்கும், சொல்லுங்கள்.

அச்சங்குளத்திலிருந்து நரசிங்கம்பேட்டைக்கு முந்நூறு கிலோமீட்டர் அளவில் தூரம். நாளை காலை பொங்கல், இன்று ராத்திரி உலவில் விரிசல் என்றால் போய்த் திரும்ப நேரமில்லை. நாயனக்காரர் விரிசலில் மெழுகைத் தேய்த்து, நூலை நெருக்கிச் சுற்றி, ஒரு முறை ஊதிப் பார்ப்பார். அம்மன் புறப்பாடு வரை தாங்கினால் போதும்.