1638ஆம் ஆண்டு மட்டக்களப்பு உடன்படிக்கை: ஒரு நோக்கு

இரு நாடுகள் வாணிபத்தின் பொருட்டு உறவு கொள்ளும்போது, அவ்வுறவின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிப்பது எழுதப்பட்ட உடன்படிக்கையின் வாசகமாகும். இலங்கைக்கும் நெதர்லாந்துக்கும் இடையே நிலவிய தொடர்பு இதற்குத் தக்க சான்று. அத்தொடர்பு அரும்பிய களம் மட்டக்களப்பே என்பது நாம் மறந்துவிடலாகாத செய்தியாகும்.

மேற்குக்கரை போர்த்துக்கேயர் வசமிருந்தமையால், கண்டி இராச்சியம் வெளியுலகோடு உறவாடுதற்குக் கீழ்க்கரைத் துறைகளே வாயிலாயின. 1602 மே மாத இறுதியில் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்பை அடைந்து, பின்னர் கண்டியில் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். அடுத்து வந்த டி வேர்ட் மன்னனோடு பிணங்கி 1603இல் மட்டக்களப்பிற் கொல்லப்பட்டான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை எழுப்பி இவ்வாயிலையும் அடைத்தனர்.

1638 மார்ச்சில் இரண்டாம் இராசசிங்கன் கன்னொறுவையிற் போர்த்துக்கேயப் படையை முறியடித்தான். ஆயினும், கடற்படையின்றிக் கரையோரக் கோட்டைகளை வெல்லுதல் அவனுக்கு அரிதாயிற்று. அக்குறையை நிறைவு செய்ய ஒல்லாந்தர் முன்வந்தனர். மே 18இல் வெஸ்டர்வோல்ட் புளியந்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். மே 23இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தர் உதவுவர். அதற்காகும் செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு முதலியவற்றால் ஈடுசெய்வான். வாணிபத் தனியுரிமை ஒல்லாந்தரைச் சாரும். இவையே அதன் சாரம்.

மூன்றாம் பிரிவே பிணக்கிற்கு வித்திட்டது. மன்னன் விரும்பினால் மட்டுமே கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்கலாம் என்ற நிபந்தனை, மன்னனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தப் பிரதியில் அது காணப்படவில்லை. மட்டக்களப்பும் திருகோணமலையும் பின்னர் மன்னனிடம் மீண்டன. ஆனால், 1640இற் கைப்பற்றிய காலியையும் 1656இற் கைப்பற்றிய கொழும்பையும் ஒல்லாந்தர் விட்டாரல்லர். மன்னன் போர்ச்செலவைத் தீர்க்கவில்லை என்பது அவர் காட்டிய காரணம். கறுவா நிலத்தின் வாயில்கள் அவ்விரு துறைகளுமே என்பதை நோக்கின், உண்மைக் காரணம் புலனாகும். 1668இல் மட்டக்களப்பும் மீண்டும் அவர் கைப்பட்டது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கண்டி இராச்சியம் கரையோரம் முழுவதையும் இழந்தது.

ஒல்லாந்தரின் சூழ்ச்சியை மட்டும் பழித்தல் வரலாற்று நோக்காகாது. கடல்வலியற்ற அரசு, தன்னாற் காக்க முடியாத வாசகத்தை நம்பி நின்றது. மேலும், கைச்சாத்திட்டோர் ஒரு மன்னனும் ஒரு வணிகக் கும்பினியின் தளபதியுமே. வாவிக்கரையில் உழுதும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்களுக்கு அதில் இடமிருக்கவில்லை.

இன்று இரு நாடுகளும் மக்களாட்சி நாடுகள். 1765இற் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கவர்ந்து சென்ற பீரங்கி உள்ளிட்ட ஆறு கலைப்பொருள்களை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பியளித்தது. கவர்ந்ததை மீளக் கொடுத்தல் நல்லுறவுக்கு அறிகுறியே. எனினும், மக்களின் பெயரால் இன்று எழுதப்படும் உடன்படிக்கைகளின் வாசகங்களை மக்களே படித்தறிந்து வினாவும் நிலை வேண்டும். புளியந்தீவுக் கோட்டையின் மதில்கள் நமக்குணர்த்தும் பாடம் இதுவேயாகும்.