25 பவுண்டர் ஏறிய வண்டி

25 பவுண்டர் பீரங்கி பிறந்தபோது அதற்கென்று சொந்த வண்டி கிடையாது. முதல் உலகப் போரில் உழைத்துத் தேய்ந்த 18 பவுண்டரின் வண்டியிலேயே புதுக் குழலை ஏற்றி, 1930களின் பிற்பாதியில் பிரிட்டன் ஒப்பேற்றியது. குழலுக்குத் தெம்பு இருந்தது, வண்டிக்கு இல்லை. அதனால் வெடிமருந்தைக் குறைத்துத்தான் சுட வேண்டியிருந்தது. 1940இல் டன்கிர்க் வழியாகப் படை தப்பியபோது இவற்றில் நூற்றுக்கணக்கானவை பிரான்சிலேயே தங்கிவிட்டன.

புது வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதில் முன்னமே வழக்கு இருந்தது. அக்காலப் போக்கு இரட்டைக்கால் வண்டி. பின்கால்கள் இரண்டையும் அகட்டி ஊன்றினால் குழல் இடம் வலமாக நிறையத் திரும்பும். ஆனால் அந்த எல்லையைத் தாண்டி எதிரி வந்தால், மண்ணில் புதைந்த கால்நுனிக் கொழுக்களைப் பிடுங்கி மறுபடி ஊன்ற வேண்டும். சோதித்துப் பார்த்த பீரங்கி வீரர்கள் ஒற்றைக்கால் வண்டியையே விரும்பினார்கள்.

அந்தக் கால் நடுவே இடைவெளி விட்ட பெட்டி வடிவம். மேல்நோக்கி வளைந்த முதுகு அதற்கு. குழலை 40 பாகை வரை நிமிர்த்தும்போது அதன் அடிப்பகுதி இறங்க இடம் வேண்டுமே! குறை ஒன்றுதான்: வண்டியை அசைக்காமல் குழலைப் பக்கத்துக்கு 4 பாகைதான் திருப்ப முடியும். அதற்கு மாற்று, காலின் அடியில் தொங்கிய இரும்பு வட்டத் தளம். சுடும் இடத்தில் அதைக் கீழே இறக்கி, பீரங்கியை அதன்மேல் இழுத்து நிறுத்துவார்கள். சக்கரங்கள் வட்டத்தின் விளிம்பில் உருளும். பின்னுதைப்பைத் தளமே மண்ணில் இறக்கிவிடும். சுமார் 1,800 கிலோ எடையுள்ள பீரங்கியை, காலின் நுனியைப் பிடித்து ஒரே ஆள் செக்கு சுற்றுவதுபோல் முழு வட்டமும் சுற்றிவிடலாம்.

இந்த ஏற்பாட்டின் அருமை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தெரிந்தது. டாங்கி எதிர்ப்புக்கென்று இருந்த 2 பவுண்டர் போதாமல் போகவே, 12 கிலோமீட்டர் தொலைவுக்குச் சுடும் இந்தப் பீரங்கியே டாங்கிகளுக்கு நேர் நின்றது. டாங்கி எந்தப் பக்கம் வளைந்து வந்தாலும் பீரங்கி உடனே திரும்பியது. கவசத்தைத் துளைக்க மருந்தைக் கூட்டியபோது, தாழ்ந்த குறியில் சுட்டால் வண்டி துள்ளியது. அதை அடக்கத்தான் 1942 முதல் குழலின் வாயில் உதைப்புத் தடுப்பான் ஏறியது.

காட்டுக்குப் போனதும் வண்டி இளைத்தது. ஒடுங்கிய பாதைகளுக்காக அச்சைக் குறுக்கினார்கள். ஆஸ்திரேலியர்கள் குழலையே குட்டையாக்கி, கவசத் தகட்டையும் கழற்றினார்கள். 1943 செப்டம்பரில் நியூகினியின் நட்சாபில் அந்தக் குட்டைப் பீரங்கியைப் பாகம் பாகமாகப் பிரித்து, பாராசூட்டில் இறக்கினார்கள்.

இந்தியத் தரைப்படையில் 25 பவுண்டருக்கு நீண்ட ஆயுள். காஷ்மீர்ப் போர் முதல் 1971 வரை உழைத்து, பிறகு 105 மில்லிமீட்டர் இந்தியக் களப் பீரங்கிக்கு இடம்விட்டது. ஆனாலும் குடியரசு தினத்தின் 21 குண்டு மரியாதையைத் தன்னிடமே வைத்திருந்தது. 2023இல் அதையும் 105 மில்லிமீட்டர் வாங்கிக்கொண்டது. மரியாதைக்குச் சுடுவது வெற்றுத் தோட்டா. அதில் பெரிய உதைப்பும் இல்லை, துரத்த வேண்டிய இலக்கும் இல்லை. எந்த இரண்டு வேலைக்காக அந்த வண்டி செய்யப்பட்டதோ, அந்த இரண்டும் இல்லாமலேயே அதன் கடைசி ஆண்டுகள் கழிந்தன.