கேஐ 67: அறிக்கையில் ஓர் ஊர்ப்பெயர்

மாமல்லபுரத்துக் குப்பங்களில் கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ கட்டி தெரிந்தால் 'நெறி கட்டியிருக்கு' என்பார்கள். காலில் புண் பட்டு வந்த நெறி, புண் ஆறியதும் வற்றிவிடும். வாரக்கணக்கில் வற்றாமல், வலிக்காமல் பெருத்தால் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். பயாப்சியில் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று என்று ஐயம் எழுந்தால் அறிக்கையில் சிடி 20, சிடி 3, சிடி 30 என்று குறியீடுகள் அணிவகுக்கும். கூடவே பெரும்பாலும் கேஐ 67, பக்கத்தில் ஒரு சதவீதம்.

அந்தக் 'கேஐ' ஜெர்மனியின் பால்டிக் கரையிலுள்ள கீல் நகரம். 67 என்பது 96 குழிகள் கொண்ட ஆய்வகத் தட்டில் இந்த எதிர்ப்பொருளைத் தந்த செல்கள் வளர்ந்த குழியின் எண். ஹாட்ஜ்கின் லிம்போமா செல்களின் உட்கருவை எலிகளுக்குச் செலுத்தி, ஆய்வாளர்கள் கெர்டெஸ், ஷ்டைன் குழுவினர் பெற்ற எதிர்ப்பொருள் இது; 1983இல் வெளியிட்டார்கள். பெருகிக்கொண்டிருக்கும் செல்லின் உட்கருவில் ஒட்டும். ஓய்ந்த செல்லைத் தொடாது. இன்று ஸ்லைடில் நீல உட்கருக்களுக்கு நடுவே பழுப்பேறியவற்றை எண்ணித்தான் சதவீதம் போடுகிறார்கள்.

இதற்கு மூத்தது கேஐ 1. அதே ஊர்ப்பெயர்தான், ஆனால் நிலைக்கவில்லை. ஒரே மூலக்கூறுக்கு ஒவ்வோர் ஆய்வகமும் ஒரு பெயர் வைத்த குழப்பம் தீர, 1982இல் ஆய்வாளர்கள் பாரிசில் கூடி, ஒத்து நடக்கும் எதிர்ப்பொருட்களைத் தொகுத்து 'சிடி' எண் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் கேஐ 1 பின்னர் சிடி 30 ஆனது. சிடி எண்கள் முதன்மையாகச் செல்லின் மேற்பரப்புக்கு உரியவை. உட்கருவுக்குள் இருந்ததால் கேஐ 67 தப்பியது என்றே நினைக்கிறேன்.

நம்மூர்ப் பெயரும் இப்படி மருத்துவ ஏடுகளில் ஏறியிருக்கிறது. 1968இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு உலகெங்கும் 'சிங்கிள்புட்' ஆய்வுதான். செங்கழுநீர்ப்பட்டு என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் செங்கல்பட்டு என்ற பெயர், ஆங்கிலேயர் வாயில் அப்படியானது. ஆய்வு நடந்த கிராமங்கள் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஏட்டில் பெயர் மாறவில்லை.

அறிக்கையில் 90 சதவீதம் என்று கண்டு, உடம்பில் அவ்வளவும் புற்று என்று கலங்குபவர்கள் உண்டு. அது பரவலின் கணக்கே இல்லை. கட்டியின் செல்களில் எத்தனை பெருகுகின்றன என்பதே. பர்கிட் லிம்போமாவில் இது 100ஐ நெருங்கும். அந்த வேகமான நோயே கீமோவுக்கு நன்றாகப் பணிவதும் உண்டு. டாக்டரிடம் சதவீதத்தைக் கேட்கும்போது லிம்போமாவின் வகையையும் சேர்த்துக் கேளுங்கள்.