எல்லைச் சாலையும் எஞ்சினும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர், மன்னர்களின் பெயர்களையும் உடன்படிக்கைகளின் ஆண்டுகளையும் முதலில் குறித்துக்கொள்வது வழக்கம். சாலையோரத்தில் நின்றுவிட்ட ஒரு பஸ்ஸைப் பற்றி எவரும் எழுதிவைப்பதில்லை. ஆயினும், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தால், அதனை மாற்றியமைத்த ஆற்றல்களுள் பஸ்ஸின் எஞ்சினுக்கும் ஓர் இடம் உண்டென்பது விளங்கும். அந்த எஞ்சினின் வரலாற்றையே இங்கு நாம் காணப்போகிறோம்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். இப்பகுதி மேடும் பள்ளமுமான நிலம். ஓர் ஏற்றம் முடிந்தால் ஓர் இறக்கம். இறக்கத்தின் அடியில் ஓர் ஓடையோ வயலோ இருக்கும். பின்னர் மீண்டும் ஏற்றம். நெய்யாற்றை அமரவிளையில் பாலத்தின் வழியே கடக்க வேண்டும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மழையில்லாத மாதங்களில் செம்மண் புழுதி எழும். ரயில் பாதையோ 1918ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை எட்டியபின் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே கன்னியாகுமரி வரையில் ரயில் ஓடுவதற்கு 1979ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 61 ஆண்டுகளும் இம்மக்களுக்குச் சாலையே கதி. தலைநகரிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோயாளியும், தேர்வெழுதப் புறப்பட்ட மாணவனும், வாழைக்குலையைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் குடியானவனும் அந்த ஒரு சாலையையே நம்பியிருந்தனர்.

இந்நிலையில், 1937ஆம் ஆண்டில், லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் என்பவரைத் திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறையின் கண்காணிப்பாளராக அமர்த்தியது. சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம் அது. இங்கிலாந்திலிருந்து 60 கம்மர் சேஸிஸ்கள், அதாவது எஞ்சினும் சக்கரங்களும் மட்டும் பூட்டிய அடிச்சட்டங்கள், தருவிக்கப்பட்டன. அவற்றிற் பொருத்தியிருந்தவை பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். அவற்றின்மீது கூடு கட்டும் வேலையைச் சால்ட்டரின் நேரடி மேற்பார்வையில் உள்ளூர்த் தொழிலாளர்களே செய்து முடித்தனர். 1938 பிப்ரவரி 20ஆம் நாள் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் இச்சேவையைத் தொடங்கிவைத்தார். மன்னர் ஏறியமர்ந்த முதல் பஸ்ஸைச் சால்ட்டரே ஓட்டினார். 33 பஸ்கள் அதனைப் பின்தொடர்ந்தன. முதன்முதலில் அரசு ஏற்றுக்கொண்ட வழி, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் இவ்வழியே. கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம் என வகுக்கப்பட்டது.

டீசல் எஞ்சின் அன்று புதுமையானது. பீட்டர்பரோ நகரில் பிராங்க் பெர்க்கின்ஸ் தம் தொழிற்சாலையைத் தொடங்கியதே 1932ஆம் ஆண்டில்தான். அதுவரையில், வேகமாகச் சுழலும் சிறிய டீசல் எஞ்சினை மோட்டார் வண்டிக்கு ஏற்றதாகப் பலர் கருதவில்லை. பெட்ரோல் எஞ்சினில், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை. காற்று மட்டும் உருளைக்குள் இழுக்கப்பட்டு, தன் கன அளவில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக நெருக்கப்படுகிறது. அந்நெருக்கத்தால் அதன் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்கிறது. அவ்வேளையில் எண்ணெயை நுண்துளிகளாகத் தெளித்தால், அது தானே தீப்பற்றுகிறது. மழையில் நனைந்து பழுதாகும் மின்பொறிக் கருவிகள் இல்லாமையும், எண்ணெய்ச் செலவு குறைவாயிருப்பதும் இரு பருவமழைகள் பெய்யும் நாட்டுக்குப் பெரும் நன்மைகளல்லவா?

ஆனால் நன்மை வந்த வழியிலேயே நோயும் வந்தது. எண்ணெயைத் தெளிக்கும் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு இடையேயுள்ள வெளி, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே. பீப்பாயிலிருந்து எண்ணெயை ஊற்றும்போது சிறிது புழுதியோ, மழைக்காலத்தில் ஒரு துளி நீரோ கலந்தால் போதும்; பம்பு தேயும், தெளிப்பான் அடைபடும், எஞ்சின் கரும்புகை கக்கும். எண்ணெய்க் குழாயிற் காற்றுப் புகுந்தாலோ வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னர்த் திருகாணிகளைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, பட்டறைக்காரர் 'ஏர் எடுத்தல்' என்று சொல்லும் வேலையைச் செய்து முடித்தாலன்றி அது நகராது. ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் நெடுநேரம் உழைக்கும்போது ரேடியேட்டர் நீர் கொதிக்கும். அதனைக் கவனியாமல் ஓட்டினால் உருளைத் தலையின் கீழுள்ள காஸ்கட் எரிந்துபோகும். டீசல் எஞ்சினின் அதிர்வினால் ஆணிகள் தளரும், குழாய்கள் விரியும். இவை ஒரு முறை வந்து தீரும் பழுதுகளல்ல. கவனம் குறையுந்தோறும் திரும்பத் திரும்ப வருபவை.

எஞ்சின் என்பது எங்கும் ஒன்றே; ஆயினும் ஒவ்வொரு நாட்டிலும் அது ஒவ்வொரு நோயைக் கொள்கிறது. இதற்கு அதே காலத்தைச் சேர்ந்த வேறொரு நிகழ்ச்சியைக் காட்டலாம். கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்னும் இயந்திரத் தொழிலாளர் வாழ்ந்தார். 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவருடைய சிறு மகன் நோயுற்றான். பனியாற் சாலை மூடுண்டதால் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை, குழந்தை இறந்தது. பனிமேல் ஓடும் வண்டியை உருவாக்கும் முயற்சியில் முன்னரே ஈடுபட்டிருந்த அவர், அதனை விடாது தொடர்ந்து, 1937ஆம் ஆண்டில் அதற்குரிய உரிமத்தைப் பெற்றார். அங்கு எண்ணெய் குளிரால் இறுகும். பனி உறுப்புகளில் அடைந்து உறையும். மலைமேற் செல்லச் செல்லக் காற்றடர்த்தி குறைந்து எஞ்சினின் வலிமையும் குறையும். இங்கு நீர் கொதிக்கிறது. அங்கு எண்ணெய் உறைகிறது. எனினும் இரு நாட்டிலும் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றே: 'வேண்டிய வேளையில் இவ்வண்டி நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்குமா?'

இக்கேள்விக்கு விடையளிப்பது எஞ்சினைச் செய்த தொழிற்சாலை மட்டும் அன்று. லண்டனில், 1920களின் தொடக்கத்திலேயே சிஸ்விக் என்னும் இடத்தில் பெரும் பட்டறை ஒன்று நிறுவப்பட்டு, பஸ்கள் கெட்டுப்போகும் முன்னரே முறைவைத்துப் பிரித்துச் செப்பனிடப்பட்டன. அம்மரபிலிருந்து வந்தவர் சால்ட்டர். கெட்டபின் பழுதுபார்ப்பது ஒரு முறை; கெடாமற் காப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறைக்குத் தேவையானவை மூன்று: நாள்தோறும் பார்க்கும் கண், பழகிய கை, வேண்டியபோது கிடைக்கும் உதிரி உறுப்பு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மிகச் சிறந்த எஞ்சினும் பயனற்றதாகிவிடும்.

இவ்வுண்மையை மக்கள் கண்கூடாகக் கண்டது இரண்டாம் உலகப்போரின் போதாகும். 1941ஆம் ஆண்டில் இந்தியாவிற் பெட்ரோல் பங்கீடு வந்தது. மறு ஆண்டிற் பர்மாவும் மலேயாவும் ஜப்பானியர் வசமாயின. பர்மாவின் எண்ணெயும் மலேயாவின் ரப்பரும் கிட்டாமற்போயின. சீமையிலிருந்து உதிரி உறுப்புகள் வருவதும் அரிதாயிற்று. அப்போது பெட்ரோல் வண்டிகளின் பின்புறத்தில் பெரிய உலைகளைப் பொருத்தி, மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலெழும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினர். மக்கள் அவற்றைக் கரிவண்டி என்றனர். அவ்வாயுவிற் பாதியளவு எரியாத நைட்ரஜனே ஆதலால், எஞ்சினின் வலிமை மூன்றில் ஒரு பங்கு முதற் பாதி வரையிற் குறைந்தது. உலையை மூட்டிப் புறப்படக் காலம் பிடிக்கும். சாம்பலும் கரித்தூளும் வடிகட்டியைத் தாண்டி உருளைக்குட் புகுந்து பிஸ்டன் வளையங்களை அரிக்கும். வாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்தானது. ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. காசு கொடுத்து ஏறியவர் வண்டியைத் தள்ளியதை இன்று நகைப்புக்குரியதாகச் சிலர் கருதலாம். ஆனால் அன்று ஊரையும் உலகையும் இணைத்த இழை அறாமற் காத்தது அந்தத் தள்ளுதலேயாகும்.

விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறியது. 1948ஆம் ஆண்டிற் சென்னையை அடுத்த எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1951ஆம் ஆண்டிற் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தோன்றிப் பின்னர் எண்ணெய் தெளிக்கும் கருவிகளைச் செய்யலாயிற்று. சென்னையிற் சிம்ப்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் எஞ்சின்களை உருவாக்கியது. கப்பலுக்காக மாதக்கணக்கிற் காத்திருந்த உறுப்பு, லாரியில் வந்து சேரும் காலம் வந்தது.

1956 நவம்பர் 1ஆம் நாள் இச்சாலையின் குறுக்கே ஓர் எல்லைக்கோடு விழுந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை ஒரு மாநிலத்திலும், கூப்பிடு தொலைவிலுள்ள ஊர்கள் மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. தமிழ் பேசுவோர் கோட்டின் இருபுறமும் இருந்தனர். உறவும் திருமணமும் சந்தையும் கோட்டைப் பார்த்து நடப்பவையல்ல. அக்கோட்டைக் கடந்து அவர்களை ஒருவர் வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுசென்றது பஸ். 1965ஆம் ஆண்டிற் கேரளத்தின் போக்குவரத்துத் துறை தனிக் கழகமாயிற்று. துறைகளின் பெயர்கள் மாறின. பலகையின் எழுத்துகள் மாறின. பட்டறையில் மட்டும் மொழி மாறவில்லை. 'நாசில்', 'காஸ்கட்', 'கிளட்ச்' என்னும் சொற்கள் மலையாளத் தொழிலாளிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் பொதுவாயின. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு, மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத அவ்விடத்தைக் காணும்போது மகிழ்ச்சியே உண்டாகிறது.

இன்று பாறசாலையில் ரயில் நிற்கிறது. அவ்வூரிலும் நெய்யாற்றின்கரையிலும் பஸ் டிப்போக்கள் உள்ளன. நடு வழியில் நின்ற பஸ்ஸைப் பார்த்து நாம் சினங்கொள்வது இயல்பே. அவ்வேளையில் ஒன்றை நினைவிற்கொள்வது நன்று. நம்பகம் என்பது எஞ்சினோடு கப்பலில் வந்திறங்கிய பொருளன்று. விடியுமுன் டிப்போவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் வடிகட்டியைக் கழற்றித் துடைத்து, தளர்ந்த ஆணியை முடுக்கிய கைகள் நாள்தோறும் புதிதாகச் செய்து தந்த பொருள் அது. தொடக்க விழாவில் வண்டியோட்டியவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. மறுநாட் காலையில் அவ்வண்டியைத் துடைத்து அனுப்பியவரின் பெயர் இல்லை. அப்பெயரில்லாதவரின் உழைப்பால், நோயாளி மருத்துவமனையை அடைந்தார், மாணவன் தேர்வெழுதினான். எல்லைச் சாலையின் வரலாற்றை எழுதுவோர் அவருக்கும் ஒரு வரி ஒதுக்குவாராக.