கல்லும் பெயரும்: கண்டி நகரின் போர்வீரர் கல்லறைகள்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுதல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தக்க கல்லைத் தேடிக் காண்டல், அதனைக் கொள்ளுதல், நீர்ப்படுத்தல், நடுதல், பெரும்படை செய்தல், வாழ்த்துதல் என அவ்வழக்கத்தைத் தொல்காப்பியம் ஆறு துறைகளாக வகுத்து வைத்திருக்கின்றது. வீழ்ந்தவனுடைய பெயரையும் அவன் ஆற்றிய செயலையும் அக்கல்லிலே பொறித்தனர். வழிச்செல்வோர் அதனைப் படிக்குந்தோறும் இறந்தவன் பெயரும் புகழும் உடைய ஒருவனாக மீண்டும் அறியப்பட்டான். கல்லின் பயன் அதுவே. ஆயின், போரில் மடிந்தோர் அனைவர்க்கும் கல் கிடைத்ததா? எவர்க்குக் கிடைத்தது, எவர்க்குக் கிடைக்கவில்லை? இக்கேள்விக்கு இலங்கைத் தீவின் மலைநாட்டுத் தலைநகர் தன்னுடைய சேமக்காலைகளைக் கொண்டே விடை கூறுகின்றது. அந்நகரம் கண்டி.

கண்டியில் ஆங்கிலப் படை முதன்முதற் பேரழிவை எய்திய ஆண்டு 1803. தேசாதிபதி பிரெடரிக் நோர்த் அனுப்பிய படை அவ்வாண்டு பெப்ரவரி மாதத்தில் நகரினுட் புகுந்தபோது, ஆங்கு மக்களும் இல்லை, மன்னனும் இல்லை. முத்துசாமி என்பவரை அரியணையில் அமர்த்திவிட்டுப் படையின் பெரும்பகுதி கரையோரத்துக்குத் திரும்பியது. எஞ்சிய சிறு காவற்படையைப் பகைவருக்கு முன்னரே காய்ச்சல் வென்றது. ஜூன் 24ஆம் நாள் படைத்தலைவரான மேஜர் டேவி சரணடைந்து, திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். மகாவலி கங்கை பெருக்கெடுத்துப் பாய்ந்தமையால் வட்டபுலுவை என்னும் இடத்திற் கரையிலேயே தங்க நேர்ந்தது. ஆங்கு முத்துசாமி கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டார். படைக்கலங்களைக் கையளித்த வீரர்கள் கொல்லப்பட்டனர். நகர மருத்துவசாலையில் நோய்ப்படுக்கையிற் கிடந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் உயிரிழந்தனர். கழுத்தில் வெட்டுண்டும் உயிர் தப்பிய பார்ன்ஸ்லி என்னும் சிறுபதவி வீரர் ஒருவர் கொடுத்த வாக்குமூலமே அந்நாளின் நிகழ்ச்சிகளை உலகுக்கு உணர்த்திய முதற் சான்றுகளுள் ஒன்று. மேஜர் டேவியோ பல ஆண்டுகள் கண்டியிற் சிறையிருந்து, நாடு திரும்பாமலே இறந்தார்.

அப்படையில் இருந்தோர் அனைவரும் ஆங்கிலேயரல்லர். ஒரு பகுதியினர் மலாயர். அவர்களுடைய தலைவராகிய கப்டன் நூறுதீன் அரசகுலத்திற் பிறந்தவர். கண்டி மன்னன் அவரைத் தன் படையிற் சேருமாறு அழைத்தான். சேர்ந்தால் மலாய்ப் படைக்குத் தலைமை, மறுத்தால் மரணம் என்ற நிலையிலும், ஒருமுறை கொடுத்த வாக்கை மீறுவதற்கில்லை என்று அவர் மறுத்தார். அவரும் அவருடைய சகோதரரும் கொல்லப்பட்டனர். அவர்களுடைய உடல்கள் அடக்கம் செய்யப்படாமலே விடப்பட்டன என அக்கால வரலாறுகள் கூறும். ஆங்கில அரசின் பொருட்டு உயிர் துறந்த அவ்வீரருக்குக் கண்டியிற் கல்லறை இல்லை. 1803இல் மாண்ட ஏனையோர்க்கும் இல்லை.

1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆங்கிலப் படை இம்முறை நிலையாகத் தங்கியது. தங்கிய படைக்கு இடுகாடும் வேண்டியிருந்தது. 1817ஆம் ஆண்டளவில் தலதா மாளிகைக்குப் பின்புறமாக, சிறு மேட்டு நிலமொன்றில், காவற்படைச் சேமக்காலை அமைந்தது. ஏறக்குறைய 200 பேர் ஆங்கே துயில்கின்றனர். அவர்களுட் பலர் முதுமையைக் காணாதவர்கள். மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களைக் கொண்டுசென்றன. 1856இல் ஒருவர் காட்டானையால் மாண்டார்.

அச்சேமக்காலையிற் பழைய போர்களின் முத்திரையைத் தாங்கி நிற்கும் கல்லறை, ஜேம்ஸ் மக்லாஷன் என்னும் படை அதிகாரியுடையது. நெப்போலியனுக்கு எதிராக ஐரோப்பாவில் நிகழ்ந்த பெரும் போர்களில் அவர் கலந்துகொண்டவர். போர்த்துக்கலிலும் ஸ்பானியாவிலும் புசாக்கோ, அல்புவேரா, சலமங்கா, விற்றோரியா ஆகிய களங்களிலும், ஈற்றில் வோட்டர்லூவிலும் நின்று உயிரோடு மீண்டார். இரண்டு ஆண்டுகளின் பின் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையிலிருந்து கண்டிக்கு மழையில் நனைந்து, ஈர உடையோடே நடந்து வந்தமையாற் காய்ச்சல் கண்டு, 1817இல் இறந்தார். பீரங்கிகளால் வீழ்த்தப்படாத ஒருவரை மழைநீர் வீழ்த்தியது. அவர் கல்லைப் படிப்பவன் அக்காலத்துப் படைவாழ்வின் முழுக் கதையையும் ஒரே பார்வையில் அறிந்துகொள்கிறான்.

ஆங்குள்ள மற்றொரு கல்லறை ஜோன் டொய்லியுடையது. வாளேந்திய வீரரல்லர் அவர். ஆயினும் கண்டியின் வீழ்ச்சிக்கு அவர் நாவும் எழுதுகோலும் ஆற்றிய பணியை எந்தப் பட்டாளமும் ஆற்றவில்லை. சிங்கள மொழியை ஐயந்திரிபறக் கற்று, பிரதானிகளோடு மறைவாகக் கடிதத் தொடர்பு கொண்டு, உடன்படிக்கையை உருவாக்கியவர் அவரே. கண்டியில் முதல் வதிவிடப் பிரதிநிதியாக இருந்த அவர் 1824இற் காய்ச்சலால் இறந்தார். அவருக்கு உயர்ந்த தூண் நாட்டப்பட்டது.

இவ்விரு கல்லறைகளையும் கண்டவர்கள், கண்டிப் போர்களின் இறந்தோர் அனைவரையும் கண்டுவிட்டதாக எண்ணுதல் கூடாது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லசையிலும் எழுந்த பெருங் கிளர்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலத்தில் இங்கு பணிபுரிந்த படை மருத்துவர் ஜோன் டேவி, மேலே கூறப்பட்ட மேஜர் டேவியின் வேறானவர், 1821இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலப் படையின் இழப்பை ஏறக்குறைய ஆயிரம் எனக் கணித்தார். கண்டியர் பக்கத்து இழப்பு பதினாயிரம் வரை இருத்தல் கூடும் என்பது அவர் மதிப்பு. ஆங்கிலப் படையின் ஆயிரவருட் பெரும்பாலோரைக் கொன்றது நோயே. மலைப்பாதைகளிலும் சிறு காவலரண்களின் ஓரங்களிலும் அவர்கள் புதைக்கப்பட்டனர். சென்னையிலிருந்து வருவிக்கப்பட்ட சிப்பாய்களும், மலாய் வீரரும், கரையோரத்திலிருந்து அரிசி மூடை சுமந்து மலையேறிய கூலியாட்களும் அவ்வாறே மறைந்தனர். கல் என்பது பணமும் பதவியும் உடையோர்க்கே அமைந்தது. அதிகாரிக்கு அவருடைய தோழர் கல் எழுப்பினர். சாதாரண வீரனுக்கு மண்மேடே எஞ்சியது. இரண்டு மாரிக்குள் அதுவும் கரைந்தது.

எதிர்ப்பக்கத்தின் நிலை இன்னும் கொடியது. கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோட்டை ஹென்றி மார்ஷல் என்னும் படை மருத்துவர் எடுத்துச் சென்றார். எடின்பரோ நகரில், மண்டையின் அமைப்பைக் கொண்டு மனிதரின் குணத்தை அறியலாம் என நம்பியோர் அமைத்த கழகத்தின் காட்சிச்சாலையில் அது வைக்கப்பட்டது. இலங்கை விடுதலை பெற்று ஆறு ஆண்டுகள் கழிந்தபின், 1954இல், அம்மண்டையோடு தாய்நாடு திரும்பியது. தலதா மாளிகையின் அயலில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் அது வைக்கப்பட்டது. ஒருவருக்கு அவருடைய மண்ணிலே அடையாளம் கிடைக்க 136 ஆண்டுகள் சென்றன. அவரைப் பின்பற்றி மாண்ட ஆயிரக்கணக்கானோருக்குக் கல்லும் இல்லை, ஏட்டிற் பெயரும் அரிது.

இங்ஙனம் மறைந்தோரை இனங்காணுதல் எங்ஙனம்? முதற்பணி, நிற்கின்ற கல்லை அழியுமுன் படித்துப் பதிவு செய்தலாகும். இலங்கையில் அப்பணியைச் செய்தவர்களுள் தலையாயவர் ஜே. பி. லூவிஸ். வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை 1895இல் வெளியிட்டுத் தமிழ்ப் பகுதிகளின் வரலாற்றுக்கும் தொண்டு செய்த அவர், பின்னர் மத்திய மாகாணத்தின் அரசாங்க அதிபராகக் கண்டியிற் பணியாற்றினார். இலங்கையிலுள்ள கல்லறைச் சாசனங்களைத் திரட்டி 1913இற் பெருநூலாக வெளியிட்டார். வாசகத்தைப் படியெடுத்ததோடு அவர் நின்றாரல்லர். புதைக்கப்பட்டவர் யார், எப்படையைச் சேர்ந்தவர், எங்கே போரிட்டார், யாரை மணந்தார் என்பவற்றையும் ஆராய்ந்து குறித்தார். அந்நூலின் தலைப்பிலேயே, நினைவுச் சின்னம் அமையாதவர்களின் இறப்புக் குறிப்புகளும் இதில் அடங்கும் என்று அறிவித்தமை ஈண்டு நோக்கற்பாலது. கல் இல்லாதவனையும் தேட வேண்டும் என்ற எண்ணம் அத்தலைப்பிலே வெளிப்படுகின்றது.

கல் மறைந்தவிடத்துத் தாள் துணைசெய்கிறது. குருமார் எழுதிவைத்த அடக்கப் பதிவேடுகள் நாளையும் வயதையும் தரும். 1802இல் தொடங்கிய அரசாங்க வர்த்தமானி, அதிகாரிகளின் மரணத்தை அறிவித்தது. இவற்றினும் பயனுடையவை பட்டாளங்களின் சம்பளப் பட்டியல்கள். ஒவ்வொரு வீரனும் எத்துணை நாள் பணியில் இருந்தான் எனக் கணக்கர் காலாண்டுதோறும் எழுதினர். வீரன் இறந்தால், அவனுடைய பெயர், பிறந்த ஊர், படையிற் சேருமுன் செய்த தொழில், இறந்த நாள், அவனுக்கு நிலுவையாயுள்ள பணம், அதனைப் பெறுதற்குரிய உறவினர் ஆகியவை இறந்தோர் பட்டியலிற் குறிக்கப்பட்டன. புலவன் பாடாத, தச்சன் பொறியாத பெயர்களைச் சில சில்லிங்குகளின் கணக்கு முடிக்கும்பொருட்டு எழுதிய ஒரு கணக்கனின் மை காத்து வைத்திருக்கிறது. அவ்வேடுகள் பிரித்தானியாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆயின் சம்பளப் பட்டியலில் இடம்பெறாத சுமைகூலிக்கு அந்த மையும் பெரும்பாலும் கிட்டவில்லை.

இவ்வாறு திரட்டிய சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே ஒரு கல்லறைக்குப் பெயர் சூட்டுதல் முறை. ஒரே பெயருடையார் இருவர் ஒரே பட்டாளத்தில் இருந்திருப்பர். மலாய்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர் காதுக்குக் கேட்டவாறு பலபடியாக எழுதியிருப்பர். ஐயம் நீங்காதவிடத்துப் பெயர் பொறித்தல், இறந்தவர் இருவருக்குத் தீங்கு செய்வதாகும்: ஒருவனுடைய இடத்தை மற்றொருவனுக்குக் கொடுப்பதாக அது முடியும். கல்லைத் துப்புரவு செய்வதிலும் அத்தகைய பொறுமை வேண்டும். காரநீரும் இரும்புத் தூரிகையும் பாசியோடு எழுத்தையும் அழித்துவிடும். மென்மையான தூரிகையும் தூய நீரும் போதும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில், நண்பகலில் தோன்றாத எழுத்துக்கள் தாமே நிழலிட்டுத் தோன்றும்.

நகர எல்லைக்குள் அடக்கம் செய்தல் தடுக்கப்பட்டமையால், 1873இற் காவற்படைச் சேமக்காலை மூடப்பட்டது. ஆங்கு ஏற்கனவே துயில்வோரின் உறவினர்க்கு மாத்திரம் சிறப்பனுமதி அளிக்கப்பட்டது. 1951இல் நிகழ்ந்த அடக்கமே இறுதியானது. மலாயரைப் பெருமளவிற் கொண்டிருந்த இலங்கைத் துப்பாக்கிப் படை கலைக்கப்பட்டதும் அதே 1873ஆம் ஆண்டிலேயே. படையும் இல்லை, புதியவர் வருகையும் இல்லை என்றான பின் புதரும் கொடியும் கற்களை மூடின. 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஆர்வலர் முயற்சியால் அவ்விடம் செப்பனிடப்பட்டது.

கண்டியிலே படைவீரருக்குரிய மற்றொரு சேமக்காலையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944இற் பேராதனையில் அமைந்தது. மலைநாட்டில் அப்போர்க்காலத்தில் இறந்த படையினர் கண்டிப் போர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டனர். அங்குள்ள இருநூறு கல்லறைகளில் ஆங்கிலேயரோடு கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனேடியர், இத்தாலியர் ஆகியோரின் பெயர்களும் காணப்படுகின்றன. பேபியன் வேர் என்பாரின் முயற்சியால் 1917இல் அரச பட்டயம் பெற்றுத் தோன்றிய போர்க் கல்லறை ஆணைக்குழு அச்சேமக்காலையைப் பேணுகின்றது. தரம், குலம், சமயம் என்ற வேற்றுமையின்றி ஒவ்வொருவர்க்கும் ஒரே அளவான கல் வேண்டும் என்பது அதன் கொள்கை. படைத்தலைவனுக்குத் தூணும் வீரனுக்கு மண்மேடும் என்றிருந்த பழைய வழக்கை அக்கொள்கை மாற்றியது.

ஆயினும் கொள்கை எங்கும் செயலாகிவிடவில்லை. 2021இல் அவ்வாணைக்குழுவே வெளியிட்ட அறிக்கை, முதலாம் உலகப் போரில் மாண்ட 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆபிரிக்க வீரர் ஏனையோர்க்கு நிகராக நினைவுகூரப்படவில்லை என ஒப்புக்கொண்டது. மேலும் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படாமல் அல்லது முற்றாகவே விடப்பட்டனர் என்றும் கூறியது. அவர்களுட் பலர் சுமைதூக்கிகள். 1818இல் ஊவாவின் மலைப்பாதையில் வீழ்ந்த கூலியாளின் நிலை, நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாறாதிருந்தது என்பதை அவ்வெண்கள் காட்டுகின்றன.

கண்டியின் இரு சேமக்காலைகளும் நெடுந்தொலைவில் இல்லை. ஆயினும் அவற்றுக்கிடையில் ஒரு நீண்ட வரலாறு கிடக்கின்றது. ஒன்றில் மக்லாஷனும் டொய்லியும் தத்தம் தகுதிக்கேற்ற கற்களோடு துயில்கின்றனர். மற்றொன்றில் கிழக்காபிரிக்க வீரனும் ஆங்கில வீரனும் ஒரே அளவான கற்களின் கீழ்த் துயில்கின்றனர். இரண்டிலும் இடம் பெறாதவன் கப்டன் நூறுதீன். அவர் விழுந்த இடத்தை இனிக் கண்டறிதல் அரிது. ஆயினும் அவர் பெயரும், அவர் கூறிய மறுமொழியும் ஏடுகளில் உள்ளன. கல்லறைகளை இனங்காணும் பணி, மண்ணைத் தோண்டும் பணியன்று. ஏட்டையும் கல்லையும் ஒருங்கே வைத்துப் பெயரை உரியவனிடம் சேர்ப்பிக்கும் பணியாகும். எழுத்து மங்கும் ஒவ்வொரு கல்லோடும், கறையான் அரிக்கும் ஒவ்வொரு பதிவேட்டோடும் அவ்வாறு சேர்ப்பிக்கக்கூடிய பெயர்களின் தொகை குறைந்துகொண்டே செல்கின்றது.