மூச்சை எண்ணின வரலாறு

இருமலோடு வருகிற பிள்ளைக்கு அன்ரிபயோட்டிக் தேவையா என்று சொல்ல இப்போது செயலிகள் வந்துவிட்டன. புதுசு மாதிரித் தெரிந்தாலும் இந்தக் கதைக்கு நாற்பது வயது.

1980களில் பப்புவா நியூகினியாவின் மலைநகரமான கொரோகாவில் நியுமோனியா பிள்ளைகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கிராமத்துச் சுகாதார ஊழியரிடம் எக்ஸ்ரேயும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. வைத்தியர் ஃபிராங்க் ஷானும் கூட்டாளிகளும் 1984இல் ஒரு எளிய வழியை முன்வைத்தார்கள்: மூச்சை எண்ணுங்கள். இருமுகிற பிள்ளை நிமிடத்துக்கு 50 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் அன்ரிபயோட்டிக் கொடுங்கள். ஒரு மணிக்கூடு போதும்.

உலக சுகாதார நிறுவனம் இந்த வழியை எடுத்துக்கொண்டது. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குக் கீழே 50, அதன்பின் ஐந்து வயது வரைக்கும் 40 என்ற கணக்கு நாடு நாடாகப் பரவியது.

ஆனால் அந்த விதி ஒருத்தரையும் தவறவிடக்கூடாது என்று எழுதப்பட்டது. வைரஸ் தொற்றிலும் மூச்சு வேகமாகும். அதற்கு அன்ரிபயோட்டிக் கேட்காது. ஆக, தேவையில்லாத பிள்ளைகளும் மருந்து குடித்தார்கள். கிருமிகள் மருந்துக்குப் பழகத் தொடங்கின.

2017இல் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. காய்ச்சலோடு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுபிள்ளைகளை இரண்டு மின்னணு வழிகாட்டிகளால் பார்த்தார்கள். பழைய விதிகளைத் திரையில் ஏற்றிய 'அல்மனாக்' வழியில் முதல் நாளே 29.7 வீதமானோருக்கு அன்ரிபயோட்டிக் போனது. 'ஈபொக்ட்' வழியில் 11.5 வீதம்தான். சுகமாகாமல் போனவர்களும் இதில்தான் குறைவு: 4.1 வீதத்துக்கு எதிராக 2.3 வீதம்.

இரண்டிலும் திரை இருந்தது. ஈபொக்ட்டில் கூடுதலாக இருந்தது பரிசோதனை: இரத்தத்தில் ஒட்சிசன் பார்க்கிற ஒக்சிமீற்றர், விரலில் எடுத்த இரத்தத்தில் சி.ஆர்.பி. புரதத்தை அளக்கிற சோதனை. 2024இல் வெளியான அடுத்த ஆய்வில், அதன் புதிய வடிவத்தைப் பாவித்த சாதாரண சுகாதார நிலையங்களில் அன்ரிபயோட்டிக் 23.2 வீதம், பாவிக்காத இடங்களில் 70.1 வீதம்.

எங்கட ஊர்களிலும் "ஒரு அன்ரிபயோட்டிக் எழுதித் தாங்கோ டொக்டர்" எண்டு கேட்கிறம்தானே. அவருக்கும் பயம், எங்களுக்கும் பயம். "வேண்டாம்" எண்டு சொல்ல அவருக்கு ஒரு ஆதாரம் வேணும். அதனால் செயலியை மட்டும் இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எந்த அரசாவது சொன்னால், கூடவே சோதனைக் கருவியும் வந்ததா, மூச்சை எண்ண ஊழியருக்கு ஒரு முழு நிமிடம் இருக்கா என்று நாங்கள் கேட்க வேண்டும்.