கொள்கலன் ஒருங்கியக்கத்தின் வரலாறு: போர்க் முதல் குபெர்நெட்டீஸ் வரை

ஒரு செயலியின் பல பிரதிகளைப் பல வழங்கிகளில் பரப்பி ஓடவிடுவது, அவற்றைத் தொடர்ந்து கண்காணிப்பது, நின்றுபோனவற்றை மீண்டும் எழுப்புவது ஆகிய பணிகளை மென்பொருளிடமே ஒப்படைக்கும் முறை கொள்கலன் ஒருங்கியக்கம் எனப்படுகிறது. இத்துறையில் இன்று மிகப் பரவலாகப் புழங்குவது குபெர்நெட்டீஸ் என்னும் திறமூல மென்பொருள். கூகுள் நிறுவனம் இதை 2014இல் வெளியிட்டது. மூன்றே ஆண்டுகளில் அதன் போட்டி நிறுவனங்களும் இதை ஏற்றுக்கொண்டன. இந்த வெற்றிக்குத் தொழில்நுட்பம் ஒரு காரணம். அதை உருவாக்கிய நிறுவனம் தன் தனிப்பிடியை விட்டுக்கொடுத்துப் பொது அமைப்பிடம் ஒப்படைத்தது அதே அளவு முக்கியமான மற்றொரு காரணம்.

பின்னணி

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பல நிறுவனங்களில் ஒரு வழங்கிக்கு ஒரு செயலி என்பதே வழக்கமாக இருந்தது. இரண்டு செயலிகளை ஒரே இயந்திரத்தில் வைத்தால், ஒன்றுக்கு ஜாவாவின் பழைய பதிப்பும் மற்றொன்றுக்குப் புதிய பதிப்பும் தேவைப்படும். ஒன்று நினைவகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் மற்றொன்று திணறும். இதைத் தவிர்க்கத் தனித்தனி இயந்திரங்கள் வாங்கப்பட்டன. அவற்றுள் பல, நாளின் பெரும்பகுதி வேலையின்றி மின்சாரத்தை மட்டும் செலவழித்தன.

மெய்நிகர் கணினிகள் இந்த வீணடிப்பைக் குறைத்தன. ஓர் இயந்திரத்தைப் பல கணினிகளாகப் பிரித்துப் பயன்படுத்த அவை வழிசெய்தன. ஆனால் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனக்கென ஒரு முழு இயங்குதளத்தைச் சுமந்தாக வேண்டும். அதனால் வட்டில் இடமும் தொடங்குவதற்கு நேரமும் மிகுதியாகத் தேவைப்பட்டன.

தனிமைப்படுத்தும் முயற்சிகள்

ஒரே இயங்குதளக் கருனியின் மேல் பல செயலிகளை, ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரித்து வைக்கும் எண்ணம் பழையது. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, ஒரு நிரலின் கண்ணுக்குக் குறிப்பிட்ட ஓர் அடைவை மட்டும் முழுக் கோப்பு முறைமையாகக் காட்டும் வசதி இருந்தது. 2000ஆம் ஆண்டில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 4.0 இதை விரிவாக்கி 'ஜெயில்' என்று பெயரிட்டது. 2005இல் வந்த சோலாரிஸ் 10 இதையொத்த வசதியை 'ஸோன்' என்றது.

லினக்ஸில் இரண்டு கூறுகள் தனித்தனியே வளர்ந்தன. ஒரு நிரல் எதையெல்லாம் பார்க்கலாம் என்பதை வரையறுக்கும் 'பெயர்வெளிகள்' 2002 முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. ஒரு நிரல் எவ்வளவு சிபியுவையும் நினைவகத்தையும் பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் 'கட்டுப்பாட்டுக் குழுக்கள்' மற்றொரு கூறு. இவற்றை உருவாக்கும் பணியை 2006இல் கூகுளின் பொறியாளர்கள் பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகியோர் தொடங்கினர். 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் கருனி 2.6.24இல் இது இடம்பெற்றது. இவ்விரண்டும் சேர்ந்ததே இன்று கொள்கலன் எனப்படுவதன் அடிப்படை. கொள்கலன் தனிக் கணினி அன்று. எல்லை வகுக்கப்பட்ட சாதாரண நிரல்தான்.

கூகுளின் போர்க்

கட்டுப்பாட்டுக் குழுக்களைக் கூகுள் பொறியாளர்கள் எழுதியது தற்செயலன்று. 2003–2004 வாக்கிலேயே அந்நிறுவனம் போர்க் என்னும் ஒருங்கியக்க அமைப்பைத் தனக்குள் உருவாக்கத் தொடங்கியிருந்தது. தேடுபொறி, ஜிமெயில் போன்ற சேவைகள் அதன் மேல் ஓடின. போர்க் பற்றிய விரிவான ஆய்வுக் கட்டுரையைக் கூகுள் 2015இல்தான் வெளியிட்டது. அதன்படி போர்க்கின் ஓர் இயந்திரத் தொகுதி 'செல்' எனப்பட்டது. இடைநிலை அளவுள்ள ஒரு செல்லில் சுமார் 10,000 இயந்திரங்கள் இருந்தன.

அத்தனை இயந்திரங்கள் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று பழுதாவது அன்றாட நிகழ்வு. ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பணியாளர் நள்ளிரவில் எழுந்து வருவது இயலாது. ஆகவே போர்க்கில் நிரலாளர் எந்த இயந்திரத்தில் தன் நிரல் ஓட வேண்டும் என்று சொல்வதில்லை. எத்தனை பிரதிகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சிபியு, நினைவகம் வேண்டும் என்று மட்டும் எழுதித் தருவார். இடம் பார்ப்பது போர்க்கின் பொறுப்பு.

இதில் பெரும் பொருளாதார ஆதாயமும் இருந்தது. பயனர் காத்திருக்கும் சேவைகளையும், அவசரமற்ற கணக்கீடுகளையும் போர்க் ஒரே இயந்திரங்களில் கலந்து ஓட்டியது. சேவைக்கு இடம் தேவைப்பட்டால் கணக்கீடு விலகிக்கொள்ளும். இரண்டையும் பிரித்து வைத்திருந்தால் இடைநிலை அளவுள்ள செல்லில் 20 முதல் 30 சதவீதம் கூடுதல் இயந்திரங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று அக்கட்டுரை கணக்கிடுகிறது.

டாக்கரின் வருகை

கூகுளுக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கொள்கலன்கள் நீண்ட காலம் கடினமான கருவியாகவே இருந்தன. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில், டாட்கிளவுட் என்னும் சிறு நிறுவனத்தைச் சேர்ந்த சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிட உரை ஒன்றில் டாக்கரை அறிமுகப்படுத்தினார். அது லினக்ஸில் ஏற்கெனவே இருந்த வசதிகளையே பயன்படுத்தியது. அதன் புதுமை பொதியும் முறையில் இருந்தது. செயலியையும் அதற்குத் தேவையான நூலகங்கள் அனைத்தையும் ஒரே 'படிமமாக' மாற்றி, எந்த லினக்ஸ் இயந்திரத்திலும் ஒரே கட்டளையில் ஓடவிட முடிந்தது. "என் கணினியில் சரியாகத்தானே ஓடுகிறது" என்னும் நிரலாளர்களின் பழைய சமாதானத்துக்கு இடமில்லாமல் போனது. அதே ஆண்டில் டாட்கிளவுட் தன் பெயரையே டாக்கர் என்று மாற்றிக்கொண்டது.

கொள்கலன் என்னும் பெயர் கப்பல் போக்குவரத்திலிருந்து வந்தது. 1956இல் மால்கம் மெக்லீனின் ஐடியல்-எக்ஸ் கப்பல் 58 பெட்டிகளை நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கொண்டு சென்றபோது சரக்குப் போக்குவரத்தில் ஒரு புது முறை தொடங்கியது. உள்ளே என்ன இருந்தாலும், ஒரே வகைப் பெட்டியை ஒரே வகைப் பாரந்தூக்கி தூக்கலாம். மென்பொருளுக்கு டாக்கர் அத்தகைய பெட்டியைத் தந்தது. ஆனால் நூறு இயந்திரங்களில் ஆயிரம் பெட்டிகளை எங்கே வைப்பது, ஓர் இயந்திரம் விழுந்தால் அதன் பெட்டிகளை எங்கே மாற்றுவது என்ற கேள்விகளுக்கு அதனிடம் அப்போது விடையில்லை.

குபெர்நெட்டீஸின் பிறப்பு

அந்தக் கேள்விகளுக்குக் கூகுளிடம் பத்தாண்டு அனுபவம் இருந்தது. ஆனால் மேகக்கணிமைச் சந்தையில் 2006 முதல் முன்னணியில் இருந்தது அமேசான். எல்லா மேகங்களிலும் ஒரே மாதிரி ஓடக்கூடிய ஓர் அடுக்கு பரவினால், வாடிக்கையாளர் ஒரே நிறுவனத்தில் கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை. பின்தங்கிய கூகுளுக்கும் வாய்ப்புப் பிறக்கும். கூகுளின் ஜோ பெடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரேக் மக்லக்கி ஆகியோர் இத்தகைய மென்பொருளைத் திறமூலமாக வெளியிட வேண்டும் என்று முனைந்தனர்.

போர்க் கூகுளின் உள்கட்டமைப்போடு பின்னிப்பிணைந்திருந்ததால் அதை அப்படியே வெளியிட வழியில்லை. ஆகவே அதன் கருத்துகளைக் கொண்டு, கோ மொழியில் புதிதாக எழுதினர். 2014 ஜூனில் அறிவிக்கப்பட்ட அந்த மென்பொருளுக்குக் கப்பலின் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பெயரானது. தமிழில் மீகாமன் எனலாம். சின்னத்தில் உள்ள சுக்கான் சக்கரத்துக்கு ஏழு ஆரங்கள். 'ஸ்டார் டிரெக்' தொடரின் 'செவன்' என்னும் பாத்திரத்தை ஒட்டித் திட்டத்துக்கு முதலில் வைத்த உட்பெயரின் நினைவு அது.

இயங்கும் முறை

குபெர்நெட்டீஸின் மையக் கருத்து, கட்டளைக்குப் பதில் விருப்ப நிலையை அறிவிப்பது. "இந்தச் செயலியின் மூன்று பிரதிகள் ஓட வேண்டும்" என்று பயனர் ஒரு கோப்பில் எழுதித் தருகிறார். அந்த விருப்பம் இட்சிடி என்னும் தரவுத்தளத்தில் பதிவாகிறது. மூன்று பிரதிகள் ஓடும் இயந்திரங்களுள் ஒன்று பழுதானால் எண்ணிக்கை இரண்டாகிறது. விரும்பியது மூன்று, உள்ளது இரண்டு என்ற வேறுபாட்டைக் கட்டுப்படுத்தி என்னும் கூறு கண்டு, புதிய பிரதி ஒன்றைக் கோருகிறது. போதிய நினைவகம் உள்ள இயந்திரத்தைத் திட்டமிடுவி தேர்ந்தெடுக்கிறது. அந்த இயந்திரத்தில் காவலிருக்கும் கியூப்லெட் என்னும் நிரல் கொள்கலனை ஓடவிடுகிறது. இருப்பதையும் விரும்பியதையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் இந்தச் சுழற்சி ஓயாமல் நடக்கிறது.

போட்டியும் முடிவும்

2014க்கும் 2017க்கும் இடையில் களத்தில் மூன்று பெரும் போட்டியாளர்கள் இருந்தனர். பெர்க்லி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவான மெசோஸ் அவற்றுள் மூத்தது. டுவிட்டர் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. டாக்கர் நிறுவனம் தன் ஸ்வார்ம் என்னும் கருவியை 2016இல் டாக்கருக்குள்ளேயே இணைத்தது. ஸ்வார்ம் கற்க எளிது. பயனர் எண்ணிக்கையும் புகழும் டாக்கர் பக்கமே இருந்தன.

ஆனால் 2015 ஜூலையில் குபெர்நெட்டீஸ் 1.0 வெளியானபோதே, அதை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமையும் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாகக் கூகுள் அறிவித்தது. 2016இல் அது அந்த அமைப்பின் முதல் திட்டமாக ஏற்கப்பட்டது. இது ஒரு போட்டியாளரின் சொத்தாக இராது என்ற உறுதி கிடைத்ததால் ரெட் ஹாட், ஐபிஎம், மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்கள் தம் பொறியாளர்களின் உழைப்பை இதில் துணிந்து முதலீடு செய்தன. ஸ்வார்மோ ஒரே நிறுவனத்தின் பிடியில் இருந்தது. 2017 அக்டோபரில் டாக்கர் நிறுவனமே குபெர்நெட்டீஸுக்கு ஆதரவு அறிவித்தது. அடுத்த மாதம் அமேசானும் தன் மேகத்தில் குபெர்நெட்டீஸ் சேவையை அறிவித்தது. 2019 நவம்பரில் டாக்கர் தன் பெருநிறுவன வணிகத்தை மிராண்டிஸ் நிறுவனத்துக்கு விற்றது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

பத்தாயிரம் இயந்திரங்களுக்காகப் பிறந்த சிந்தனை, பத்து இயந்திரங்கள் உள்ள நிறுவனத்துக்குச் சுமையாகலாம் என்பது குபெர்நெட்டீஸ் மீதான முதன்மையான விமர்சனம். வலையமைப்பு, சேமிப்பு, அனுமதி எனத் தனித்தனி அடுக்குகளைக் கற்றாக வேண்டும். ஆண்டுக்குப் பல பதிப்புகள் வருவதால் மேம்படுத்தாமல் விட்டுவைக்கவும் இயலாது.

இந்தச் சிக்கலின் அளவை 2023 மார்ச் 14 அன்று ரெடிட் தளத்தில் நேர்ந்த முடக்கம் காட்டியது. பொறியாளர்கள் ஒரு கொத்தை 1.23 பதிப்பிலிருந்து 1.24க்கு மேம்படுத்தியபோது தளம் 314 நிமிடங்கள் முடங்கியது. கட்டுப்பாட்டு இயந்திரங்களைக் குறிக்க அதுவரை இருந்த 'மாஸ்டர்' என்னும் அடையாளச் சொல் 1.24இல் நீக்கப்பட்டிருந்தது. ரெடிட்டின் வலையமைப்பு அமைவு அந்தச் சொல்லைக் கொண்டே அந்த இயந்திரங்களைத் தேடியது. தேடிய எதுவும் கிடைக்காததால் கொத்துக்குள் போக்குவரத்து அறுந்தது. விரும்பிய நிலையை மென்பொருள் ஓயாமல் காக்கலாம். அந்த விருப்பத்தை எழுதிய மனிதர் எந்த அனுமானத்தில் எழுதினார் என்பது அதற்குத் தெரியாது. காரணத்தை ரெடிட் பொறியாளர்கள் பின்னர் விரிவாக எழுதி வெளியிட்டனர்.

இன்றைய நிலை

அதே 1.24 பதிப்பு 2022 மேயில் வெளிவந்தபோது, டாக்கரை நேரடியாக இயக்கும் நிரல்பகுதி குபெர்நெட்டீஸிலிருந்து அகற்றப்பட்டது. அதன் இடத்தில் கண்டெய்னர்டி போன்ற எளிய இயக்கிகள் வந்தன. எனினும் டாக்கர் அறிமுகப்படுத்திய படிம வடிவம், 2015இல் தொடங்கிய திறந்த கொள்கலன் முன்னெடுப்பின் வழியே பொதுத் தரமாகி இன்றும் நிலைத்திருக்கிறது. சிறிய அமைப்புகளுக்கென 2019இல் கே3எஸ் என்னும் இலகுவான வடிவம் வெளிவந்தது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2015இல் வெளியிட்ட நோமட் மாற்றாகத் தொடர்கிறது. குபெர்நெட்டீஸை நேரடியாக நிறுவாமல், மேக நிறுவனங்களிடம் அதன் பராமரிப்பை விட்டுவிட்டுச் சேவையாக வாங்குவதும் இன்று பரவலான வழக்கம். ஒரே நிறுவனத்தில் கட்டுண்டு கிடப்பதைத் தவிர்க்கப் பிறந்த மென்பொருளுக்கு அந்தச் சார்பு வேறு வடிவில் திரும்பி வருகிறதா என்பது இத்துறையில் இன்னும் தொடரும் விவாதம்.